இரண்டு கேபிளும் ஒரே பெட்டியில்

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. என் மனைவி அதைக் கொஞ்சம் மரியாதையாக, "அவருக்குக் கவலை ஜாஸ்தி" என்று சொல்வாள். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான். இப்படிப்பட்ட ஒருவனை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள வைத்திருப்பது ஒரு வகையில் நியாயம்தான். பயப்படத் தெரியாதவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை. ஆனால் பயப்பட வேண்டிய இரண்டு இடங்களை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லா இடத்திலும் பயந்துகொண்டிருந்திருக்கிறேன் என்பது அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு மேல்தான் தெரிந்தது.

எங்கள் அறை மூன்றாம் மாடியில். ஒன்பது மேசை, ஒன்பது ஹெட்செட், மேசைக்கு மூன்று திரை. ஊரில் யாருக்காவது நெஞ்சு வலித்தால், யாராவது படியில் உருண்டால், அழைப்பு அங்கேதான் வரும். ஐந்தாம் மேசையில் என் மனைவி. எதிர்முனையில் ஆள் தொண்டை கிழியக் கத்தினாலும் அவள் குரல் ஏறாது, இறங்காது. வீட்டில் அப்படி இல்லை என்பதை நான் வெளியே சொன்னதில்லை. அறையின் பின்பக்கம், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, எலும்பு வரை குளிர்கிற ஒரு பொந்து. அதில் நானும் என் இயந்திரங்களும்.

அந்த இயந்திரங்களில் இரண்டைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதும். அழைப்புகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற கணினி ஒன்று, அது சர்வர். சர்வரிலிருந்து கிளம்புகிற கேபிள்கள் ஸ்விட்ச் என்ற பெட்டிக்குப் போய், அங்கிருந்து ஒன்பது மேசைக்கும் பிரியும். ஸ்விட்ச் என்றதும் சுவரில் விளக்குப் போடுகிற சமாச்சாரத்தை நினைக்க வேண்டாம். இது தட்டையான இரும்புப் பெட்டி, முகம் முழுக்கத் துளை, துளைக்கு ஒரு குட்டி விளக்கு. எங்களிடம் இரண்டு இருந்தன. மேலே இருப்பது அழைப்பு அறைக்கு. கீழே இருப்பது பெரும்பாலும் பயிற்சி அறைக்கு, ஆபத்துக்கு அழைப்பு அறைக்கும்.

மேல் பெட்டியின் விசிறி ஒரு வாரமாக இருமிக்கொண்டிருந்தது. சூடு ஏறிக்கொண்டே போனது. புதுப் பெட்டி வந்துவிட்டது, அதைக் கொண்டுவந்த கம்பெனி ஆளும் வந்துவிட்டார். பழையதை இறக்கிப் புதியதை ஏற்ற எங்கள் மேடம் பகல் பதினொரு மணியைக் குறித்திருந்தார். அழைப்புகளை நிறுத்தாமலேயே செய்யலாம் என்று அனுமதியும் வாங்கியிருந்தார். எதை நம்பி வாங்கினார் என்றால், இரண்டு வருடத்துக்கு முன் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு தாளை நம்பி. "சர்வருக்கு இரண்டு இணைப்பு உண்டு. ஒன்று போனாலும் மற்றது தாங்கும்." என் கையெழுத்து, என் வாக்கியம். வாக்கியத்தில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் கொடுமை.

பத்து நாற்பதுக்கு, பெட்டியைக் கழற்றுவதற்கு முன்பு, சும்மா ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று சர்வரின் முதுகில் செருகியிருந்த இரண்டு நீலக் கேபிள்களையும் விரலால் பிடித்துக்கொண்டே போனேன். முதல் கேபிள் மேல் பெட்டிக்குப் போனது. இரண்டாவதும் மேல் பெட்டிக்கே போனது.

மறுபடி பிடித்துப் பார்த்தேன். கேபிளை லேசாக இழுத்தேன், மறுமுனை ஆடுகிறதா என்று. ஆடியது. மேல் பெட்டியில், பன்னிரண்டாம் துளையும் பதின்மூன்றாம் துளையும், பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

எப்படி இப்படி ஆனது என்பது உடனே ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் வராமல் இருந்திருந்தால் வேறு யார் தலையிலாவது போட்டிருப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் மேல் பெட்டிக்கு ஒன்று, கீழ்ப் பெட்டிக்கு ஒன்று என்றுதான் செருகினேன். ஆனால் இரண்டு கேபிளையும் ஒன்றாகக் கட்டி ஒரே தடிமனான பாதையாக ஓட்டும்படி சர்வருக்குச் சொல்லியிருந்தேன். வேகம் இரட்டிப்பாகும் அல்லவா, அந்த ஆசை. அப்படிக் கட்டினால் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாத இரண்டு பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் அந்தக் கட்டு நிற்காது. நிற்கவில்லை. இரண்டாவது விளக்கு எரிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. பசி நேரம். "இப்போதைக்கு" என்று சொல்லிக்கொண்டு இரண்டாவதையும் மேல் பெட்டியிலேயே செருகினேன். பச்சை வந்தது. தாளை நான் காலையிலேயே எழுதி வைத்திருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். அந்த "இப்போதைக்கு" இரண்டு வருடம் ஓடிவிட்டது.

மேசைகளின் பக்கத்திலிருந்து வருகிற கேபிள்கள் ஒழுங்காக இரண்டு பெட்டிக்கும் போயின. சர்வர் பக்கம்தான் கோட்டை விட்டிருந்தேன். பதினொரு மணிக்கு அந்த மேல் பெட்டியை அணைத்தால் ஒன்பது மேசையும் ஊமையாகிவிடும். புதுப் பெட்டி எழுந்து நிற்கப் பத்தொன்பது இருபது நிமிடம். அதுவரை எங்களைக் கூப்பிடுகிறவர்களுக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

"என்ன சார், ஆரம்பிக்கலாமா?" என்றார் கம்பெனி ஆள். அவருக்குப் பன்னிரண்டு மணிக்கு வேறு இடத்தில் வேலை.

"ஒரு நிமிஷம் இருங்க."

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடத்தில் நான் பூசி மெழுகுவதற்கு வழி தேடினேன். பெட்டி எதிர்பாராமல் மக்கர் செய்தது என்று சொல்லலாம். புதுப் பெட்டியில் கோளாறு என்று இந்த ஆளின் தலையில் போடலாம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூன்றாம் மேசைக்காரர் ஹெட்செட்டில் யாருக்கோ மார்பை அழுத்தச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார், வாயால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவது உதட்டசைவில் தெரிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. மேடத்தின் அறைக்குப் போனேன்.

எங்கள் மேடம் பத்து வருடம் ஆம்புலன்சில் ஓடியவர். சுற்றி வளைத்துப் பேசினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன்.

"ரெண்டு கேபிள் இருக்குன்னீங்க."

"இருக்கு மேடம்."

"ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்னீங்க."

"கேபிள் போனா தாங்கும் மேடம். பெட்டி போனா தாங்காது."

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

"மொட்டை மாடித் தொட்டியில ஒரு குழாய்க்கு ரெண்டு குழாய் போட்டா தண்ணி வேகமா வரும். ஒரு குழாய் அடைச்சாலும் இன்னொண்ணுல கொஞ்சமாவது வரும். ஆனா தொட்டியே விரிஞ்சா ரெண்டும் காஞ்சிரும். நான் போட்டது ரெண்டு குழாய். நீங்க கேட்டது ரெண்டாவது தொட்டி."

அவர் நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "ரெண்டு இருக்குன்னு எழுதினீங்க, சரி. அந்த ரெண்டும் எங்க போய் முடியுதுன்னு ஒரு தடவை பாத்திருக்க வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி வேறு எங்கோ போய் முட்டியது.

எங்களுக்கு ஒரே பெண். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் எலிக்குட்டி. அவளுக்கு வலிப்பு உண்டு. எப்போதாவதுதான் வரும், ஆனால் வந்தால் தானாக நிற்காது. மூக்கில் அடிக்கிற மருந்து ஒன்று அவள் புத்தகப் பையின் முன் ஜிப்பில் எப்போதும் இருக்கும். ஐந்து நிமிடத்துக்குள் அடித்துவிட வேண்டும். போன வருடம் அவள் வெயிலில் மயங்கி விழுந்ததற்கே பள்ளி நர்ஸ் பதறிப்போய் அந்த மருந்தை அடித்துவிட்டார். நான் தாம்தூம் என்று குதித்து, பெற்றோர் தங்கள் வாயால் கொடுக்கச் சொன்னால் ஒழிய மருந்து கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். கவலை ஜாஸ்தி என்றேனே, அதன் லட்சணம் இது.

அதற்காகப் பள்ளி கொடுத்த படிவத்தில் அவசரத்துக்குக் கூப்பிட மூன்று எண் கேட்டிருந்தார்கள். முதலாவது என் மனைவி, இரண்டாவது நான். மூன்றாவதுக்கு அவள், "கீழ் வீட்டு ரேடியோ நம்பரைப் போடலாமே" என்றாள். கீழ் வீட்டில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் தனியாக இருக்கிறார். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், போகிற வருகிறவர்களைப் பிடித்துவைத்துப் பேசுவார், அதனால் அந்தப் பெயர். "அந்த ஆளுகிட்ட சொன்னா நாளைக்கு மூணு தெருவுக்குத் தெரிஞ்சிரும், நாம ரெண்டு பேர் இல்லையா?" என்றேன். மூன்றாவது வரியில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.

நாங்கள் இரண்டு பேர் இருந்தோம், வாஸ்தவம்தான். முன்பெல்லாம் அவளுக்குக் காலை, எனக்கு மாலை. ஒருவர் வேலையில் இருந்தால் ஒருவர் வீட்டில். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கதவில் சீட்டு ஒட்டிப் பேசிக்கொள்ளும் பிழைப்பு அலுத்துப்போய், போன வருடம் இரண்டு பேரும் ஒரே ஷிஃப்டுக்கு மாறினோம். சேர்ந்து போகிறோம், சேர்ந்து வருகிறோம், மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். வேலையெல்லாம் பாதி நேரத்தில் முடிகிறது. அழைப்பு அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பது விதி. வாசலில் காவலருக்குப் பின்னால் லாக்கர்கள். பாதி லாக்கருக்குச் சாவி தொலைந்துவிட்டதால் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. தினமும் காலையில் அவள் கைபேசியும் என் கைபேசியும் அதற்குள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும், நாங்கள் பூட்டிவிட்டு மாடி ஏறுவோம்.

ஒரு வருடம். ஒரு வருடமாக எங்கள் பெண்ணுக்கு யாரும் இல்லை, எட்டிலிருந்து நான்கு வரை. அது இப்போதுதான் உறைத்தது, மேடத்தின் மேசைக்கு முன்னால் நிற்கும்போது.

"நான் ஒரு நிமிஷம் கீழ போய்ட்டு வந்துரட்டுமா மேடம்?"

"கீழ என்ன?"

"போன் பாக்கணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எவ்வளவு அற்பமாகத் தெரிந்திருப்பேன் என்று புரிந்தது. "உங்க பெட்டி எழுபத்தெட்டு டிகிரியில கொதிக்குது. அதுவா செத்தா அப்புறம் எதுவும் நம்ம கையில இல்ல. மொதல்ல இந்த ரெண்டாவது தொட்டிக்கு வழி பண்ணுங்க. அப்புறம் எங்க வேணா போங்க."

அவர் சொன்னதும் சரிதான். அப்போது மணி பத்து ஐம்பத்தாறு. அப்போதே ஓடிப்போய்ப் பார்த்திருந்தாலும் கைபேசியில் ஒரு அழைப்பும் இருந்திருக்காது, நிம்மதியாகத் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்திருப்பேன். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் பாதிதான் நம்புகிறேன்.

வேலையில் இறங்கினேன். பயிற்சி அறைக்கு விடுமுறை விடச் சொல்லி, கீழ்ப் பெட்டியில் ஒரு துளையைக் காலி செய்தேன். இரண்டாவது நீலக் கேபிளை மேல் பெட்டியிலிருந்து பிடுங்கிக் கீழ்ப் பெட்டியில் செருகினேன். இனி இரண்டையும் ஒன்றாகக் கட்ட முடியாது. ஒன்று ஓடட்டும், மற்றது காத்திருக்கட்டும், ஓடுவது விழுந்தால் மட்டும் காத்திருப்பது எழுந்துகொள்ளட்டும் என்று சர்வரிடம் சொல்ல வேண்டும்.

"அப்ப ஒரு கேபிள் சும்மாவே கிடக்குமே சார். வீணாப் போகுதே" என்றார் கம்பெனி ஆள்.

"சும்மா கிடக்கிறதுதான் அதுக்கு வேலை."

சொல்லும்போதே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ரேடியோவின் முகம் கண்ணுக்குள் வந்துபோனது. தலையை உதறிக்கொண்டேன்.

அந்த மாற்றத்தைச் செய்கிற கணத்தில் இரண்டு நொடி எல்லா மேசையிலும் சத்தம் நின்று வரும். மேடம் அழைப்பு அறைக்குள் போய், கைதட்டி எல்லோரையும் பார்க்க வைத்து, ஒரு அட்டையில் எழுதிக் காட்டினார்: "2 நொடி சத்தம் வராது. யாரும் வைத்துவிடாதீர்கள்." என் மனைவி திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். என்ன குளறுபடி பண்ணினாய் என்று புருவத்தாலேயே கேட்டாள். பதிலுக்குப் பேந்தப் பேந்த விழித்தேன். அவள் திரும்பிக்கொண்டாள்.

பதினொன்று பதினான்குக்கு மாற்றினேன். இரண்டு நொடி. ஒன்பது முதுகும் ஒரே நேரத்தில் விறைத்து, ஒரே நேரத்தில் தளர்ந்தன. பிறகு மேல் பெட்டிக்குப் போகும் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். சும்மா கிடந்தது எழுந்து ஓடியது. நம்பிக்கை வராமல் மறுபடி செருகி மறுபடி பிடுங்கினேன். ஓடியது. கடைசியாக ஒரு சோதனை அழைப்பு. என் மேசைத் தொலைபேசியிலிருந்து அழைத்தால் காலியாக இருக்கும் மேசைக்குப் போகும். ஐந்தாம் மேசைக்குப் போனது.

"கட்டுப்பாட்டு அறை. என்ன அவசரம், சொல்லுங்க."

"சோதனை அழைப்பு" என்றேன்.

"சோதனை அழைப்பு. குரல் தெளிவா இருக்கு. வேற ஏதாவது உண்டா?"

உண்டு. நாம் இரண்டு பேரும் முட்டாள்கள், யாரையாவது மாற்றிவிட்டுக் கீழே போய்க் கைபேசியைப் பார் என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்த இணைப்பில் பேசுவது எல்லாம் பதிவாகும். சொந்த விஷயம் பேசக் கூடாது. அதைவிட, கேட்பவள் சிரிப்பாள். ஒரு வருடமாக மறந்திருந்த ஒன்றுக்கு இப்போது இந்தக் குதி குதிக்கிறாயே என்பாள்.

"இல்ல" என்றேன். வைத்துவிட்டாள்.

பதினொன்று இருபத்திரண்டுக்கு அந்த மேல் பெட்டியை அணைத்தோம். விசிறியின் இருமல் நின்றது. அறை முழுவதும் அந்த ஒற்றை நீலக் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதன் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், கம்பெனி ஆள் பழைய பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினார். புதியதை ஏற்றினோம். அது எழுந்து நிற்க எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு மூன்று முறை வியர்த்துக் காய்ந்தது.

பதினொன்று முப்பத்துமூன்று இருக்கும். ஐந்தாம் மேசையில் என் மனைவி எழுந்து நின்றாள். ஹெட்செட் தலையில் இருக்கும்போது எங்கள் அறையில் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள், அப்படி ஒரு பழக்கம். ஐயோ, சத்தம் அறுந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அரக்கப் பரக்கத் திரையைப் பார்த்தேன். குரல் ஒரு பொட்டுக்கூடத் தவறவில்லை, தவறியதைக் காட்டுகிற எல்லா எண்ணும் பூஜ்யம். மறுபடி நிமிர்ந்தபோதும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. உறுதி செய்துகொள்ள மறுபடி எண்களைப் பார்த்தேன். எனக்கு அன்றைக்கு எண்களைத்தான் பார்க்கத் தெரிந்தது.

பதினொன்று நாற்பத்தொன்றுக்குப் புதுப் பெட்டி எழுந்தது. கம்பெனி ஆளுக்கு நன்றிகூடச் சொல்லாமல் படியிறங்கி ஓடினேன். லாக்கர் சாவி துளைக்குள் போவேனா என்றது. இரண்டு கைபேசியும் காலையில் வைத்தபடியே ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அவளுடையதில் பள்ளியிலிருந்து இரண்டு அழைப்பு, பதினொன்று முப்பதுக்கு ஒன்று, முப்பத்தொன்றுக்கு ஒன்று. என்னுடையதில் அதே எண், அதே நிமிடங்களில், இரண்டு.

திருப்பி அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. மூன்று மாடியும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. ஐந்தாம் மேசை காலியாக இருந்தது. நாற்காலி பின்னால் தள்ளிக் கிடந்தது.

ஆறாம் மேசைக்காரி தன் ஹெட்செட்டின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டாள். "பொண்ணுக்கு ஃபிட்ஸ் வந்திருச்சாம். வண்டி போயிருச்சு. அக்கா உங்களைத் தேடிப் பாத்துட்டு இப்பத்தான் மேடம் கூடக் கிளம்பினாங்க, லிஃப்டுல. நீங்க படியில ஏறியிருப்பீங்க. பயப்படாதீங்கண்ணா, இவங்க பேசும்போதே நின்னுருச்சாம்."

பயப்படாதீங்கண்ணா. மனைவியின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எலிக்குட்டி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் செருகிச் செருகி வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டதால் பேச்சு கொழகொழவென்று இருந்தது. "அப்பா, என் ஸ்கெட்ச் பென் எல்லாம் கிளாஸ்லயே இருக்கு. அவ எடுத்துக்குவா" என்றாள். எவள் என்று கேட்டேன். பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள். இரண்டு நாள் பார்த்துவிட்டு அனுப்புகிறோம், நேரத்துக்கு மருந்து போனதால் பிரச்சினை இல்லை என்றார் டாக்டர்.

என் மனைவி கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் லாக்கரைப் பற்றி, படிவத்தைப் பற்றி, பத்து ஐம்பத்தாறிலிருந்தே எனக்குத் தெரியும் என்பதைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னேன். சோதனை அழைப்பில் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, அழவில்லை. "என்ன நடந்துச்சு, நீ என்ன பேசின?" என்று கேட்டதற்கு, "வேலையைப் பாத்தேன்" என்றாள். மறுபடி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று மாலை வீட்டுக்குத் துணி எடுக்கப் போனவள் கீழ் வீட்டில் நின்று ரேடியோவிடம் பேசியிருக்கிறாள். அவர் கேட்டவுடனே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, மருந்தின் பெயர், பள்ளியின் எண், எத்தனை நிமிடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாராம். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லையாம். எனக்கு அவர் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது.

இவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் வேலையில் ஒரு நடைமுறை உண்டு. பெட்டியையோ கேபிளையோ மாற்றினால், மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த அத்தனை அழைப்புகளின் பதிவையும் மாற்றியவனே உட்கார்ந்து கேட்க வேண்டும். குரல் எங்காவது விட்டுப் போயிருக்கிறதா, கரகரப்பு உண்டா என்று அழைப்புக்கு ஒரு வரி எழுத வேண்டும். "நீங்க வேணாம்னா வேற ஆளை வெச்சுக் கேக்கச் சொல்றேன்" என்றார் மேடம். நான்தான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன், இதையாவது நானே கேட்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினொன்று இருபத்திரண்டிலிருந்து நாற்பத்தொன்று வரை பதினொரு அழைப்புகள். எல்லாம் அந்த ஒற்றைக் கேபிளில் வந்தவை. ஒரு முதியவர் குளியலறையில் விழுந்தது. பைக் விபத்து. தவறான எண். ஒவ்வொன்றுக்கும் "தெளிவு, விடுபடல் இல்லை" என்று எழுதினேன். ஏழாவது அழைப்பு பதினொன்று முப்பத்திரண்டு. மேசை ஐந்து.

"கட்டுப்பாட்டு அறை. என்ன அவசரம், சொல்லுங்க." அவள் குரல்.

நர்ஸின் குரல் படபடவென்று கொட்டியது. பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு, பெண் குழந்தை, வலிப்பு, நாலு நிமிஷமாகிறது. பெயரையும் சொன்னார், முழுப் பெயரை. இங்கே நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் பதிவாகியிருந்தது. அந்த இடத்தில்தான் அவள் எழுந்து நின்றிருக்க வேண்டும்.

"குழந்தையைப் பக்கவாட்டில படுக்க வைங்க. மூச்சு விடறாளா?" குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

"விடறா மேடம், விடறா. உதடு நீலமா ஆகுது."

"வண்டி கிளம்பிருச்சு. வாயில எதையும் வைக்காதீங்க. தலைக்குக் கீழ ஏதாவது மெத்துன்னு வைங்க. வெச்சாச்சா?"

"வெச்சாச்சு. மருந்து இருக்கு மேடம், என் கையிலதான் இருக்கு. ஆனா குடுக்க முடியாது. பெத்தவங்க வாயால சொன்னாத்தான் குடுக்கணும்னு எழுதி வாங்கியிருக்காங்க."

எங்கள் கேள்விப் பட்டியலில் அடுத்தது ஒரு கட்டாயக் கேள்வி. யாராக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். அவள் கேட்டாள்.

"பெத்தவங்களுக்குத் தகவல் சொல்லியாச்சா?"

"அடிச்சிட்டேன் மேடம். அம்மா நம்பருக்கும் அடிச்சேன், அப்பா நம்பருக்கும் அடிச்சேன். ரெண்டுமே எடுக்கல. மூணாவதுல கோடு போட்டிருக்காங்க. நான் யாரைக் கேக்கறது, சொல்லுங்க?"

பிறகு சத்தம் இல்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. கேபிள் விட்டுவிட்டதோ என்று என் கை தானாகப் பேனாவை எடுத்தது. விடவில்லை. பின்னணியில் பிள்ளைகள் அழுவது தெளிவாகக் கேட்டது. என் மனைவி மூச்சை உள்ளே இழுப்பதும் கேட்டது.

"அம்மா சொல்றேன்" என்றாள். "குடுங்க."